கழிக்கரையில் இரண்டு நாள்: திருப்போரூர், கோவளம், முட்டுக்காடு

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தனியாக இரண்டு நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாம் வழக்கமாகத் திருச்சியையோ கும்பகோணத்தையோ கைகாட்டுவோம். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரிடம் கேட்டால் பாலாறு என்பார். ஆண்டில் பல மாதம் அங்கே மணல்தான் ஓடும். இந்த அத்தியாயம் சொல்லும் தண்ணீர் வேறு. அது ஆறு அல்ல, கழி. சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் திருப்போரூர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் உப்பளம், பக்கிங்காம் கால்வாய், கழி, மணல்மேடு, கடல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மேற்கே பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. வார இறுதியில் இரண்டிலும் வண்டிகள் விரையும். நடுவில் கிடக்கும் தண்ணீருக்கு அவசரமே கிடையாது. சாலையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு இடங்களை எண்ணிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வேறு அத்தியாயங்கள் உண்டு. இது நடுவில் இறங்கி உட்காருகிறவர்களுக்கு; அதிலும் ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர், துணைக்கு ஆள் இல்லாமல் வருகிறவர் என்றால் இன்னும் பொருந்தும்.

இது என்ன தண்ணீர்

முட்டுக்காட்டில் கடலைச் சந்திக்கும் இந்தக் கழி தெற்கே கோவளம், கேளம்பாக்கம் பக்கமாக உள்ளே நீள்கிறது. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்துகொள்ளும். கோடையில் மணல் வந்து அடைக்கும். திறந்திருக்கும்போது கடல்நீர் ஏறி இறங்கும், மீன்குஞ்சும் இறாலும் உள்ளே வரும். அடைத்துவிட்டால் நீர் தேங்கி உப்பு ஏறும். ஆகவே ஜனவரியில் வந்தவர் பார்த்த கழியை மே மாதத்தில் வருகிறவர் பார்க்கமாட்டார்.

இதனோடு கலந்து ஓடுவது பக்கிங்காம் கால்வாய். 1806இல் தனியார் கால்வாயாகச் சென்னைக்கு வடக்கே தொடங்கி, பிறகு தெற்கேயும் நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் பக்கம் வரை சுமார் 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் நெல்லும் படகில் போன வழி இது. இன்று சரக்குப் படகு இல்லை. வீச்சுவலைக்காரர்களும், இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும்தான் இதன் அன்றாடப் பயணிகள்.

எப்போது வருவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், கழி நிறைந்திருக்கும், வெயில் தாங்கும். குளிர்காலம் தொட்டுக் கோடைத் தொடக்கம் வரை பறவைக் கூட்டம் இருக்கும். ஆழம் குறைந்த பகுதிகளில் பூநாரைகள் இறங்கும் ஆண்டுகளும் உண்டு. அக்டோபர், நவம்பரில் புயல் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கோவளத்துச் சிறு ஃபைபர் படகுகள் அப்போதும் போகும் என்றாலும் வஞ்சிரம் போன்ற பெரிய மீன் விலை ஏறியிருக்கும்.

ரமலானில் வருவதாக இருந்தால் பகல் திட்டத்தை விட்டுவிட்டு மாலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு வெளியூர்க்காரர் என்ற வேறுபாடு கிடையாது. தனியாக வந்தவர் தனியாக நோன்பு திறக்க வேண்டியதில்லை.

கந்தசஷ்டி, ஆடிக் கிருத்திகை போன்ற நாட்களில் திருப்போரூரில் அறையும் கிடைக்காது, பேருந்தில் இடமும் கிடைக்காது. நாட்காட்டியைப் புரட்டிவிட்டுத் தேதி குறியுங்கள்.

வருவதும் தங்குவதும்

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியாகத் திருப்போரூருக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோவளத்துக்கும் மாநகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் சென்னை வரை போகத் தேவையில்லை. செங்கல்பட்டில் இறங்கித் திருப்போரூர்ப் பேருந்து பிடிக்கலாம். அந்தச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்க இரண்டு வழி. கையைக் கடிக்காத அறை வேண்டுமானால் திருப்போரூர்: கோயிலூர் ஆதலால் லாட்ஜுகள் இருக்கின்றன, சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, இரவில் சத்தமில்லை. கடற்காற்றும் ஹலால் சாப்பாடும் எட்டும் தூரத்தில் வேண்டுமானால் கோவளம்: சிறு விடுதிகளில் தொடங்கி நட்சத்திர ஓட்டல் வரை உண்டு. முதல்முறை வருகிறவருக்குக் கோவளத்தையே சொல்வேன். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கலாம். கேளம்பாக்கத்தில் வண்டி மாற வேண்டியிருக்கும்.

தனி ஆளுக்கு அறை தரத் தயங்கும் விடுதிகள் இன்னும் இருக்கின்றன. வந்து நின்று வாதாடுவதைவிட, முன்கூட்டியே போன் செய்து, "நான் ஒருத்தர்தான், ரெண்டு ராத்திரி, அடையாள அட்டை இருக்கு" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது. பெண்கள் தரைத்தளத்துக் கடைசி அறையைத் தவிர்த்து, வரவேற்பு மேசைக்கு மேலே முதல் மாடியில் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை: கோவளம்

பஜ்ர் தொழுதுவிட்டு அப்படியே கடற்கரைக்கு இறங்குங்கள். விடியும்போது ஃபைபர் படகுகள் கரை ஏறும். வலையிலிருந்து மீன் பிரிப்பதும், மணலிலேயே ஏலம் விடுவதும், பெண்கள் கூடைக்குப் பேரம் பேசுவதும் எட்டு மணிக்குள் முடிந்துவிடும். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே வலை மடிக்கிறவருக்கு அது வேலையிடம்.

அதே கரையில் சற்றுத் தள்ளி அலைச்சறுக்குக்காரர்கள் பலகையோடு நிற்பார்கள். மீனவ இளைஞர்கள் கற்றுத் தேர்ந்து, இப்போது அவர்களே கற்றுத்தருகிறார்கள். கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது; அந்தப் பகுதியில் கழிப்பறை, உடை மாற்றும் அறை எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

அளவில் சின்னதென்றாலும் கோவளத்தின் வரலாறு சின்னதல்ல. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பெயரால் இதற்குச் சாதத் பந்தர் என்று ஒரு பெயர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்து ஆஸ்டெண்ட் நகர வணிகர்கள் இங்கே கிடங்கு வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கோட்டையை 1752இல் கிளைவ் பிடித்தார். கோட்டை போய்விட்டது, கார்மேல் அன்னை தேவாலயமும் தர்காவும் நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே நடந்தே போகலாம்.

தர்கா தமீமுல் அன்சாரி அவர்களுடையது. நபிகள் நாயகத்தின் தோழர்களில் ஒருவர் என்றும், அவருடைய உடல் பேழையில் கடல் வழியே வந்து இங்கே கரை சேர்ந்தது என்றும் நம்பிக்கை. எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். வியாழன் மாலையும் வெள்ளியும் நெரிசல். சனிக்கிழமை காலை அமைதி. தலையை மறைத்துக்கொள்ள ஒரு துணி வைத்திருங்கள். தர்காவுக்குப் போவதில்லை என்ற கொள்கையுடையவர்களும் அந்தத் தெருப்பக்கம் ஒரு நடை போகலாம். காரணம் அடுத்த பகுதியில்.

சாப்பாடு: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

தர்காவைச் சுற்றி இஸ்லாமியக் குடும்பங்கள் இருப்பதால், பகல் சாப்பாட்டுக்கு முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். பதினொன்றரைக்குமேல் தம் உடைக்கும் வாசனை வந்தால் நில்லுங்கள். பாய் கடைப் பிரியாணி இந்தப் பக்கம் ஆற்காடு, ஆம்பூர் வழி வந்தது: சீரகச் சம்பா, காரம் மட்டு, பக்கத்தில் கத்திரிக்காயும் வெங்காயப் பச்சடியும். தால்சா ஊற்றும் கடை கிடைத்தால் அது கல்யாண வீட்டுச் சமையல்காரர் கை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணிக்குமேல் போனால் அண்டாவின் அடிதான் மிஞ்சும்.

மற்ற இடங்களில் பலகையை மட்டும் பார்த்து உட்காராதீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் சுகாதாரத்துக்கு. ஹலாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹலால் சான்றிதழ் தருவது தனியார், சமய அமைப்புகள். சிறு கடைகள் பெரும்பாலும் அதை வாங்குவதில்லை. சான்றிதழ் இல்லாத கடை ஹலால் இல்லை என்றும் ஆகாது. ஆகவே கேட்பதுதான் வழி. "ஹலாலா?" என்று மொட்டையாகக் கேட்டால் "ஆமா" என்றே பதில் வரும். கறி வந்த வழியைக் கேளுங்கள்:

"அண்ணே, சிக்கன் எந்தக் கடையிலேர்ந்து வாங்குறீங்க?"

"பாய் கடைதாங்க, பஸ் ஸ்டாண்டாண்ட."

இப்படித் தடுமாறாமல் இடத்தோடு பதில் வந்தால் நம்பி உட்காரலாம். "மேனேஜரக் கேட்டுச் சொல்றேன்" என்றால் அன்றைக்கு மீன் சொல்லுங்கள். "பாக்கெட்ல வருதுங்க" என்றால் பாக்கெட்டைப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. ஊரில் பல இந்துக் கடைக்காரர்களும் பாய் அறுத்த கறியைத்தான் வாங்குகிறார்கள். கேள்வியை அவர்கள் தப்பாக எடுப்பதில்லை. நான்கு பேரோடு வந்திருந்தால் கேட்கக் கூச்சம், பதில் பிடிக்காவிட்டால் எழுந்து போகத் தயக்கம். தனியாக வந்தவருக்கு இரண்டும் இல்லை. இந்தப் பயணத்தின் பெரிய வசதியே அதுதான்.

இரண்டாவது கேள்வி எண்ணெய். ஒரே சட்டியில் எல்லாம் பொரிக்கும் கடைகளில் மீன் சொன்னாலும் சிக்கன் பொரித்த எண்ணெயில்தான் விழும். "தவாவுல தனியா போட்டுக் குடுங்க" என்றால் செய்துதருவார்கள். பத்து நிமிடம் கூடுதலாகும்.

மீனுக்கு அறுப்பு நிபந்தனை இல்லை என்பதால் கடற்கரையில் பாதிச் சிக்கல் தானே தீரும். சங்கரா, கிழங்கான், நெத்திலி, கொடுவா, கழியில் கிடைக்கும் மடவை என்று காலை ஏலத்தில் பார்த்ததையே மதியம் கேளுங்கள். மீதிச் சிக்கல் மத்ஹபைப் பொறுத்தது. ஷாஃபி வழியில் வந்த மரைக்காயர் வீடுகளில் நண்டும் இறாலும் கேள்வியில்லாமல் பந்திக்கு வரும். ஹனஃபி வழியினர் நண்டைத் தவிர்ப்பார்கள். இறாலில் அவர்களுக்குள்ளேயே இரு கருத்து. எதில் நீங்கள் என்பதை ஊரிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தட்டு வந்தபிறகு யோசித்தால் பசிதான் தீர்ப்புச் சொல்லும்.

கடலோர விடுதிகளிலும் மாமல்லபுரத்தின் சுற்றுலா உணவகங்களிலும் மது பரிமாறும் இடங்கள் கலந்தே இருக்கும். ஒயின் ஊற்றிய சாஸ், ஜெலட்டின் சேர்த்த இனிப்பு ஆகியவற்றை அங்கே தனியாக விசாரியுங்கள். எதுவும் தோதுப்படாத வேளைக்குத் திருப்போரூர்க் கோயில் தெருவின் இட்லி, பொங்கல், வடைகறி இருக்கின்றன.

சனிக்கிழமை மாலை: முட்டுக்காடு

கோவளத்திலிருந்து வடக்கே மூன்று நான்கு கிலோமீட்டரில் முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984இலிருந்து இயங்குகிறது. கட்டணம் பெரும்பாலும் படகுக்குத்தான், தலைக்கு அல்ல. தனி ஆளுக்கு அது உறைக்கும். சீட்டு வாங்கும் வரிசையிலேயே இன்னொரு சிறு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளக் கேளுங்கள். மிதிபடகு தனி ஆளுக்கு ஆகாது: இருவர் மிதிக்க வேண்டியதை ஒருவரே மிதிக்க வேண்டியிருக்கும். மாலை நான்கு மணி சரியான நேரம். மேற்கே வெயில் சாயும்போது தண்ணீர் பித்தளைத் தாம்பாளம் மாதிரி ஆகும்.

அதற்கு முன், மதிய வெயிலுக்கு, பக்கத்திலேயே தட்சிணசித்ரா. 1996இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில் தென்னிந்திய வீடுகளை அந்தந்த ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்: செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்து மரவீடு, நெசவாளர் வீடு, சிக்மகளூர் இஸ்லாமியக் குடும்பத்து வீடு. திண்ணைகளில் உட்காரத் தடையில்லை. இரண்டு மணி நேரம் அங்கே போவது தெரியாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

தொழுகை

இந்தக் கரையில் கிப்லா கண்டுபிடிக்கத் திசைகாட்டி வேண்டாம். கடலுக்கு முதுகைக் காட்டி நேரே நின்றால் மேற்கு. அதிலிருந்து வலப்புறம், அதாவது வடக்கே, கொஞ்சம் திரும்பினால் போதும். பெண்களுக்குத் தனி இடம் எல்லாப் பள்ளிவாசல்களிலும் இருக்காது. லுஹரையும் அஸரையும் அறையில் தொழும்படி நேரத்தை வைத்துக்கொள்வதும், மடித்து வைக்கும் விரிப்பு ஒன்றைப் பையில் போடுவதும் பெண்களுக்கு உதவும். சென்னையிலிருந்து வருகிறவருக்குக் கஸ்ர் செய்யும் தூரம் இது ஆகாது என்பதே பரவலான கணக்கு. தெற்கே தொலைவிலிருந்து வருகிறவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை: கழிக்குக் குறுக்கே

ஞாயிறு காலை ஏழு மணிக்குள் திருப்போரூர்–நெம்மேலி சாலைக்கு வந்துவிடுங்கள். திருப்போரூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ பேசலாம். போகும்போது இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வரச் சொல்லி, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சேறும் நீரும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான், தலைக்குமேல் ஆலா. தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பூநாரைக் கூட்டம் வெறுங்கண்ணுக்கே வெள்ளைக் கோடாகத் தெரியும். சாலையோரத்திலேயே நில்லுங்கள். கரை உறுதியாகத் தோன்றும். கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும்.

திரும்பும் வழியில் திருப்போரூர் கந்தசாமி கோயிலின் சரவணப் பொய்கைப் படிக்கட்டு. உள்ளே போவதும் போகாததும் அவரவர் விருப்பம். படியில் உட்கார்ந்து டீ குடிக்க யாரும் தடையில்லை. மண்ணுக்குள் மறைந்துகிடந்த முருகனைப் பனைமரத்தடியிலிருந்து எடுத்துக் கோயில் எழுப்பியவர் 17ஆம் நூற்றாண்டின் சிதம்பர சுவாமிகள் என்பது தலவரலாறு. அவருக்கு ஆற்காடு நவாப் நிலம் தந்ததாகவும் ஊரில் கதை உண்டு. நேற்று கோவளத்தில் கேட்ட நவாப் பெயர் இங்கேயும் வந்து நிற்கும்.

மதியத்துக்குமேல் நேரமும் தெம்பும் இருந்தால் மாமல்லபுரம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் கடற்கரைக் கோயிலைப் பார்ப்பதைவிட, நகருக்குச் சற்று முன்பே சாளுவன்குப்பத்தில் இறங்கிப் புலிக்குகையைப் பாருங்கள். அதன் அருகே, 2004 சுனாமி மணலை அரித்துப் பாறைக் கல்வெட்டைக் காட்டிக்கொடுத்தபின், 2005இல் தோண்டியெடுத்த பழைய செங்கல் முருகன் கோயிலின் அடித்தளமும் இருக்கிறது. மணலுக்கடியிலிருந்து முருகன் கிடைத்த இடம் ஒரே நாளில் இது இரண்டாவது. தெம்பு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மாமல்லபுரம் இன்னொரு வாரம் தனியே பார்க்க வேண்டிய ஊர்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை

கோவளத்திலும் முட்டுக்காட்டு முகத்துவாரத்திலும் கடல் சாதுவாகத் தெரியும். தெரிவதோடு சரி. முகத்துவாரத்தில் கழிநீர் வெளியேறும் வேகமும் கடலின் இழுவையும் சேர்ந்து, நீச்சல் தெரிந்தவரையும் இழுத்திருக்கிறது. தனியாக வந்தவர் முழங்காலுக்குமேல் இறங்கவே வேண்டாம். கரையில் நின்று கத்துவதற்கு உங்களுக்கு ஆள் இல்லை. நீந்த ஆசையென்றால் நீலக்கொடிப் பகுதியில், உயிர்காப்பாளர் நிற்கும் நேரத்தில், அவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். அவசரத்துக்கு 112; ஆம்புலன்ஸ் 108; பெண்கள் உதவிக்கு 181.

கிளம்புமுன்

ஞாயிறு மாலை ஐந்துக்குமேல் சென்னை நோக்கிய இரு சாலைகளும் அடைத்துக்கொள்ளும். ஒன்று, நான்கு மணிக்கே பேருந்து ஏறுங்கள்; அல்லது மஃரிப் முடித்து, கோவளத்தில் பரோட்டா சால்னா சாப்பிட்டு, ஒன்பது மணி வண்டி பிடியுங்கள். நடுவில் கிளம்பினால் நாற்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனாலும் ஆகும். பார்சல் வாங்குவதானால் சால்னாவைத் தனிப் பாத்திரத்தில் வாங்குங்கள். கருவாடு வாங்குவதானால் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்து இரட்டைப் பையில் கட்டச் சொல்லுங்கள்.